இலை ஓரம் கருகினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வீட்டுக்குள் தொட்டியில் வைக்கும் அழகு இலைச்செடியான கலாத்தியாவை வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இலை ஓரம் ஏன் இப்படிக் காய்ந்து கருகுகிறது? தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலும் இதைத்தான் கேட்கிறார்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று வடக்கே எங்கே இருக்கும் நண்பர்கள் போட்டோ அனுப்பினாலும் அதே பழுப்பு ஓரம், அதே சுருண்ட நுனி. கூடவே தீர்ப்பையும் அவர்களே எழுதிவிடுகிறார்கள், "எனக்குக் கைராசி இல்லைங்க" என்று. இதைக் கேட்டால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. எங்கள் கீழ்வீட்டு அக்கா மொட்டை மாடியில் மல்லி, செம்பருத்தி, துளசி, தொட்டியில் ஒரு கறிவேப்பிலை என்று பல வருடமாக வளர்க்கிறவர், வாடிப்போன குச்சியைக் கொடுத்தாலும் துளிர்க்க வைப்பார். அவரே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுத் தன் கலாத்தியாவைக் காட்டி, "இன்னா தம்பி இது, தெனம் தண்ணி ஊத்தினுதான் கீறேன், அப்பவும் இலை சுருட்டிக்குது" என்றார். அவர் கையில் ராசி இல்லையென்றால் ஊரில் யார் கையிலும் இல்லை. அன்றைக்கு நான் பார்த்தது செடியை அல்ல, அவர் தண்ணீர் பிடித்து வைத்திருந்த குடத்தை.

முதலில் இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நம் நர்சரிகளில் கலாத்தியா என்று விற்பவை பெரும்பாலும் தென் அமெரிக்கக் காட்டுச் செடிகள். பட்டை பட்டையாக இலை உள்ள ஜீப்ராவும், கண்ணாடியில் வரைந்த கோலமாகத் தெரியும் மகோயானாவும் பிரேசிலைச் சேர்ந்தவை. வட்ட இலையில் வெள்ளிக் கோடு ஓடும் ஆர்பிஃபோலியா பொலிவியாவைச் சேர்ந்தது. 2012-ல் ஆய்வாளர்கள் இவற்றில் பெரும்பாலானவற்றை கோப்பர்ஷியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஆனால் கடையில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, கலாத்தியா என்றே கேளுங்கள். வயிறு சரியில்லாத நாளில் நம் வீடுகளில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்களே ஆரோரூட் மாவு, அது எடுக்கிற கூவைக்கிழங்குச் செடியும் இதே குடும்பம்தான். பூனையோ தவழும் குழந்தையோ இருக்கிற வீட்டில் நான் தைரியமாகக் கலாத்தியாவைச் சொல்வேன், இதில் நஞ்சு இல்லை. மணி பிளான்ட், டைஃபன்பாக்கியா எல்லாம் சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு குடும்பம், கிழங்கில் நாக்கை அரிக்கும் அதே ஊசிப் படிகங்கள் அவற்றின் இலையிலும் இருக்கின்றன. குழந்தை கடித்துவிட்டால் வாயெல்லாம் எரிந்து வீங்கிவிடும்.

சாயங்காலம் ஆனால் கலாத்தியா இலைகள் மேல்நோக்கி எழுந்து நிற்கும், காலையில் மறுபடியும் விரிந்து படுக்கும். காம்பும் இலையும் சேரும் இடத்தில் ஒரு சின்ன முட்டி இருக்கிறது, அதைத் தடவிப் பார்த்தாலே தெரியும், அந்த இடத்துச் செல்கள் தண்ணீரை ஏற்றியும் இறக்கியும்தான் இலையை அசைக்கின்றன. நம் ஊர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் இலை மூடுவதும் இதே முறையில்தான். ஆக, இந்தச் செடிக்குத் தண்ணீர் என்பது தாகத்துக்கு மட்டும் இல்லை, அது எழுவதும் படுப்பதுமே தண்ணீரால்தான். அது பழகியிருப்பதோ பெரிய மரங்களின் கிளை வழியே சொட்டுகிற மழைத் தண்ணீருக்கு, அதில் உப்பு ஏறக்குறைய கிடையாது. அப்படிப்பட்டதைக் கொண்டுவந்து நம் போர் தண்ணீரில் வளர்க்கிறோம்.

உப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். வேர் உறிஞ்சும் தண்ணீர் தண்டு வழியாக மேலே ஏறி இலையிலிருந்து ஆவியாகப் போய்விடுகிறது. தண்ணீர்தான் போகும், அதில் கரைந்திருந்த உப்பு போகாது. தண்ணீர்ப் பயணத்தின் கடைசி நிறுத்தம் இலை நுனியும் ஓரமும், அதனால் உப்பு அங்கேயே தங்கித் தங்கிச் சேர்ந்து, ஒரு கட்டத்தில் அந்த இடத்துச் செல்கள் செத்துப் பழுப்பாகின்றன. மல்லிக்கும் செம்பருத்திக்கும் இது ஓரளவு தாங்கும், இலை தடிப்பாக இருக்கிறது, வெயிலில் வேகமாக வளர்ந்து பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புதிதாக விடுகின்றன. கலாத்தியா மெல்ல வளர்கிறது, ஒரு இலையைப் பல மாதம் வைத்திருக்கிறது, அத்தனை மாத உப்பும் அந்த ஒரே இலையில் சேர்கிறது.

இதைவிட மோசமான வேலை மண்ணுக்குள் நடக்கிறது. காசிமேட்டில் மீனைக் கீறி உப்பு தடவி வைத்தால் மீனில் இருக்கிற தண்ணீர் வெளியே வருகிறதே, கருவாடு ஆகிறதே, அதே விசைதான் தொட்டிக்குள் வேருக்கும் வருகிறது. மண்ணில் உப்பு கூடக் கூட, மண் ஈரமாகவே இருந்தாலும் வேரால் அந்தத் தண்ணீரை இழுக்க முடியாது. செடிக்குத் தாகம், அதனால் இலையைக் குழல் மாதிரி சுருட்டிக்கொள்கிறது. நாம் என்ன செய்கிறோம், சுருண்ட இலையைப் பார்த்து இன்னும் ஒரு சொம்பு அதே உப்புத் தண்ணீரை ஊற்றுகிறோம். அக்கா வீட்டில் நடந்ததும் இதுதான். தொட்டி மண்ணின் மேலேயும் விளிம்பிலும் வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது, அதைக் கோலமாவு சிந்தியது என்று நினைத்திருக்கிறார்கள்.

எல்லாப் பழுப்பும் உப்பு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இலையின் நடுவில் வெளிறிய திட்டு விழுந்தால் அது வெயில் பட்டது. கீழ் இலைகள் முழுசாக மஞ்சளாகி, தண்டின் அடி கொழகொழவென்று ஆகி, மண்ணில் நாற்றம் வந்தால் வேர் அழுகுகிறது. ஓரத்தைச் சுற்றி மட்டும், பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு மெல்லிய மஞ்சள் கோடு போட்டதுபோல் கருகிக்கொண்டு வந்தால், கூடவே மண் ஈரமாக இருக்கும்போதே இலை சுருண்டால், தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

வடசென்னையில் ஏன் இது இவ்வளவு கடுமை என்றால், நம் நிலத்தடி நீரின் கதை அப்படி. நகரத்தின் தாகத்துக்காக 1960-களின் இறுதியிலிருந்து மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீரை எடுத்து எடுத்து, அந்த இடத்துக்குக் கடல்நீர் நிலத்தடியில் பத்து கிலோமீட்டருக்கும் மேலே உள்ளே வந்துவிட்டது. கடற்கரையை ஒட்டியிருக்கும் காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் போர் போட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, குளித்தால் தலைமுடி சிக்குப் பிடிக்கும், பாத்ரூம் குழாயில் வெள்ளை ஒட்டும். இன்னொரு பக்கம், அதே மீஞ்சூர்ப் பகுதியில், காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-ல் வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் அளவு. புழல் ஏரித் தண்ணீரும் வருகிறது. ஆகவே ஒரே வீட்டிலேயே அடிபம்பில் வரும் மெட்ரோ வாட்டர் ஒரு மாதிரி, போர் இன்னொரு மாதிரி, இரண்டும் ஒரே சம்ப்பில் கலந்தால் மூன்றாவது மாதிரி, லாரித் தண்ணீர் வந்த அன்று அது எந்தக் கிணற்றுத் தண்ணீரோ அந்த மாதிரி. நர்சரிக்காரர் சொன்ன அளவுப்படி வாரத்துக்கு இத்தனை தடவை ஊற்றினேன் என்பவர்களிடம் நான் கேட்பது, எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள் என்றுதான்.

ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள். பேனா அளவுதான், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, தண்ணீரில் முக்கினால் கரைந்த உப்பின் அளவைக் காட்டிவிடும். குடிநீருக்கு இந்தியத் தரக் குறியீடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை அனுமதிக்கிறது. மனிதனுக்கான அந்தக் கணக்கு கலாத்தியாவுக்கு ஒத்துவராது. என் அனுபவத்தில் 200-க்குக் கீழே இருந்தால் இலை சுத்தமாக வருகிறது, 500-ஐத் தாண்டினால் ஓரம் கருகுவதைத் தடுக்கவே முடியவில்லை. அக்கா வீட்டுப் போர் தண்ணீரில் வைத்தபோது மீட்டர் ஆயிரத்தைத் தாண்டி நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதைத்தான் நாம பாத்திரம் கழுவறோமா" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

ராத்திரி முழுக்க வாளியில் பிடித்து வைத்து ஊற்றினால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அதில் போவது குளோரின் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும். கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கொதிக்கும்போது கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தில் படியும், மற்ற உப்பெல்லாம் தண்ணீர் ஆவியானதற்கு ஏற்ப இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று செடிக்கு ஊற்றுவதும் நல்ல மனசில் செய்வதுதான், ஆனால் மெஷின் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் குழாயில்தான் வருகிறது. அதை வாசல் கழுவவும் கக்கூஸுக்கும் வையுங்கள்.

அப்போ எதைத்தான் ஊற்றுவது? ஏசி தண்ணீர். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு, நான் சோதித்தவரை 50-ஐத் தாண்டியதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு ராத்திரி ஓடினால் ஒரு வாளி நிறைந்துவிடுகிறது, இதுவரை அது குழாய் வழியாகச் சந்துச் சுவரில் வழிந்து பாசி பிடிக்க வைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஏசியை சர்வீஸ் செய்து கெமிக்கல் போட்டுக் கழுவிய நாட்களில் மட்டும் பிடிக்காதீர்கள். ஏசி இல்லாத வீட்டுக்கு மழைதான் வழி. பத்து சதுர மீட்டர் தகரக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே கணக்குப்படி 100 லிட்டர், பாதியைப் பிடித்தால்கூட நாலைந்து தொட்டிக்கு வாரக்கணக்கில் வரும். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாகிவிட்டது, குழாய் நிறைய வீடுகளில் இருக்கிறது, அது எங்கே போய் முடிகிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

உப்புக்கு இன்னும் இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று தேங்காய் நார்க்கழிவு, கோகோபீட் என்று செங்கல் மாதிரி கட்டியாக விற்பது. கழுவாத நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும். கழுவியது என்று அட்டையில் போட்டிருந்தாலும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த தண்ணீரில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவதுதான் எனக்கு நிம்மதி. அதனோடு மக்கிய மண்புழு உரம் கொஞ்சம், அடுப்புக்கரித் துண்டு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல் துகள் கிடைத்தால் அது, இல்லையென்றால் உமி. மாதவரம், செங்குன்றம் பக்கத்து நர்சரிகளுக்கு இந்த மாதிரி இலைச்செடிகள் நிறைய ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன, பெரும்பாலும் கெட்டியான மண்ணில்தான். வந்த அன்றைக்கே மாற்றிவிடாமல், இரண்டு வாரம் வீட்டுக் காற்றுக்குப் பழகவிட்டு அப்புறம் மாற்றுங்கள். மண் தொட்டி அழகுதான், ஆனால் அதன் உடம்பு வழியாகத் தண்ணீர் ஆவியாகி உப்பை விட்டுவிட்டுப் போகிறது, கலாத்தியாவுக்கு நான் பிளாஸ்டிக் தொட்டியைத்தான் வைக்கிறேன்.

இன்னொரு வாசல் உரம். உரமும் ஒரு வகை உப்புதான். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 தூளை லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக, மாதம் ஒரு தடவை, புது இலை வந்துகொண்டிருக்கும் காலத்தில் மட்டும் கொடுத்தால் போதும். இலை கருகுகிறதே, சத்து இல்லையோ என்று உரத்தைக் கூட்டுவது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

ஏற்கெனவே உப்பு ஏறிய தொட்டிக்கு ஒரு வைத்தியம் உண்டு. மேலே பொரிந்த வெள்ளைப் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு ஏசி தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ மெதுவாக, நிறுத்தி நிறுத்தி ஊற்றி, அடித்துளை வழியாக முழுக்க வடியவிடுங்கள். முதலில் வடியும் தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள், கடைசியில் வடிவதிலும் பாருங்கள், வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். கருகிய ஓரம் பச்சையாகாது, அதைக் கத்தரியால் இலையின் வடிவத்துக்கு வெட்டிவிடலாம், இனி வரும் இலைதான் பதில் சொல்லும். அக்காவின் செடிக்கு இப்படிச் செய்தோம். அடுத்து வந்த குருத்து விரிந்தபோது அதன் ஓரம் முழுசாக இருந்தது.

தொட்டிக்குக் கீழே தட்டு வைத்தால் வடிந்த தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். வேருக்காக மட்டும் சொல்லவில்லை, டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து தட்டைத் தூக்கிப் பார்ப்பது சும்மா இல்லை.

ஈரப்பதம் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள் என்பேன். இணையத்தில் கலாத்தியா பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் குளிர்நாட்டு வீடுகளுக்கானது, குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி காற்று வறண்டுபோகும் அறைகளுக்கு. அதைப் படித்துவிட்டு ராயபுரத்தில் ஒருவர் ஈரப்பதம் கூட்டும் மெஷின் வாங்கலாமா என்று கேட்டார். கடல் காற்று வாசல் வரை வருகிற ஊரில் அது தேவையே இல்லை. விதிவிலக்கு அக்னி நட்சத்திரமும் அதை ஒட்டிய நாட்களும். மேற்குக் காற்று பலமாக அடித்துக் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகிற மதியங்களில் சென்னைக் காற்றும் வறண்டு கொதிக்கும், 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்போது செடியை வீட்டின் உள்பக்கத்து அறைக்கு, தரையில், சமையல்கட்டுக்குப் பக்கத்தில் மாற்றிவிடுவேன். ஏசி காற்று நேராக மேலே விழும் இடமும் ஆகாது. வெளிச்சத்துக்கு, நம் நெருக்கமான தெருக்கள் உண்மையில் உதவிதான் செய்கின்றன, எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் இந்தச் செடிக்கு அளவாக இருக்கிறது. புத்தகம் வைத்து லைட் போடாமல் படிக்க முடிகிற ஜன்னலோரம் என்றால் போதும், நேர் வெயில் வேண்டாம்.

தூசிதான் நமக்கே உரிய தொல்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள், மணலி ஆலைகள், எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்கள். ஒரு காலத்தில் ராயபுரத்து வீடுகளில் துறைமுகத்து நிலக்கரித் தூள் படியும், நீதிமன்ற உத்தரவால் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நின்றது, ஆனாலும் இன்றைக்கும் ஈரத்துணியால் ஒரு இலையைத் துடைத்தால் துணி கறுக்கிறது. வாரம் ஒரு தடவை, ஒரு கையை இலைக்கு அடியில் தாங்கி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பளபளப்புக்காக எண்ணெயோ பாலோ தடவ வேண்டாம், தூசி இன்னும் ஒட்டும். துடைக்கும்போதே இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், செம்பேன் அங்கேதான் மெல்லிய நூலாம்படையோடு குடியிருக்கும், வறண்ட மே மாதத்தில் வேகமாகப் பெருகும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் இலையின் இரண்டு பக்கமும் தெளித்தால், தொடர்ந்து சில வாரம் செய்தால், கட்டுக்குள் வந்துவிடுகிறது.

இந்தத் தூசியும் புகையும் இருப்பதால்தான் காற்றைச் சுத்தப்படுத்தும் செடி என்று நம் பக்கம் நிறைய விற்கிறார்கள். 1989-ல் நாசா மூடிய பெட்டிக்குள் செடி வைத்துச் செய்த ஆய்வைக் காட்டித்தான் இந்த வியாபாரம். அந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் 2019-ல் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், சாதாரணமாகக் கட்டடத்துக்குள் காற்று வந்து போவதற்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும் என்று கண்டார்கள். மணலியில் மூச்சு முட்டுகிற ஒரு தாய்க்கு இதை நம்பவைத்துச் செடி விற்பது தப்பு. காற்றைச் சுத்தமாக வைப்பது ஆலைகளின் கடமை, அரசின் கடமை, அதை ஒரு தொட்டியின் தலையில் கட்டக்கூடாது. செடி அழகுக்காகத்தான், அதுவே பெரிய காரணம்.

2019 கோடையில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தபோது குடிநீருக்கே குடத்தோடு ராத்திரி காத்திருந்தோம். அந்த நேரத்தில் அலங்காரச் செடிக்குத் தண்ணீரா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. குடிக்கிற தண்ணீரை, கேன் தண்ணீரை இதற்கு ஊற்றுவதை நான் இன்றைக்கும் ஏற்கவில்லை. ஏசியில் சொட்டுவதும் கூரையில் விழுவதும் யார் குடத்திலிருந்தும் எடுத்தது இல்லை. அந்த இரண்டும் இல்லாத, உப்பான போர் மட்டுமே இருக்கிற வீட்டுக்குக் கலாத்தியாவை நான் பரிந்துரைக்க மாட்டேன், பாம்புக் கற்றாழை வையுங்கள், அது தாங்கும். கலாத்தியாதான் வேண்டுமென்றால் ஜீப்ராவில் ஆரம்பியுங்கள், ஆர்பிஃபோலியாவை விட அது நம் ஊரோடு ஒத்துப்போகிறது.

இலையை வெட்டித் தண்ணீரில் போட்டால் இது வேர் விடாது. மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்குத் தண்டைப் பிரித்துத்தான் புதுச் செடி. ஆடிக் காற்று அடங்கி ஆவணி, புரட்டாசியில் வெக்கை கொஞ்சம் தணியும்போது, ஒவ்வொரு பங்கிலும் வேரும் இரண்டு மூன்று இலையும் இருக்கிறமாதிரி கையாலேயே மெதுவாகப் பிரித்து வைத்தால், மழை ஆரம்பிக்கும்போது பிடித்துக்கொள்ளும். அக்காவின் ஜீப்ரா இப்போது அந்த அளவுக்குப் புதர்விட்டிருக்கிறது, எதிர்வீட்டிலும் கோடிவீட்டிலும் பங்கு கேட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல தண்ணீர் பிடிக்க வழி செய்தவர்களுக்குத்தான் கொடுப்பேன் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் ஐப்பசி பிறப்பதற்குள் மாடியிலிருந்து இறங்கும் மழைக் குழாயில் ஒரு கிளை பிரித்து, மூடி போட்ட நீல டிரம்முக்குத் திருப்பப் போகிறோம், வாய்க்குக் கொசுவலைத் துணி கட்டவேண்டும். முதல் மழை கூரைத் தூசியைக் கழுவிக்கொண்டு வருமே, அதை வெளியே விட ஒரு வால்வும் வைக்கச் சொல்லி பிளம்பரிடம் பேசியாயிற்று.